கொளத்தூரில் பீச் பழுக்குமா? மூன்று ரகம் ஒட்டிய மரம் வைத்திருக்கும் வாசகருக்கு

கேள்வி: கொளத்தூரில் சொந்த வீடு. பின்பக்கம் பத்தடிக்கு இருபதடி மண் தரை இருக்கிறது. குன்னூரில் இருக்கும் என் சம்பந்தி, ஒரே கன்றில் மூன்று ரகம் ஒட்டுக்கட்டிய பீச் செடி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உச்சிக் கிளை மட்டும் பால்கனி உயரம் வந்துவிட்டது, மற்ற இரண்டும் முழ நீளத்திலேயே நிற்கின்றன. ஒன்றில் இலை ஓரம் கருகுகிறது. அடித்தண்டிலிருந்து புதிதாகக் குச்சி கிளம்புகிறது. பூ இதுவரை ஒன்றுகூட இல்லை. என்ன உரம் வைக்கலாம்? மார்கழியில் வேரைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டால் பூக்கும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள், செய்யலாமா? அடுத்த கோடைக்குப் பழம் தருகிறேன் என்று தெருவில் நாலு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம் சார். கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்லணும், ஏன்னா அதுதான் அவசரம். தெருவில் பேச்சை மெதுவாக மாற்றிவிடுங்கள். கொளத்தூரில் அந்த மரம் சாப்பிடும்படியான பழம் தராது. வாக்கைக் காப்பாற்றியே ஆகணும் என்றால் சீசனில் கோயம்பேட்டில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள், யாரும் மரத்தைக் காட்டு என்று கேட்கப் போவதில்லை.

உங்கள் பராமரிப்பில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஒன்றரை வருஷத்தில் ஒரு கிளை பால்கனியைத் தொட்டிருக்கிறது என்றால் மரம் நன்றாகவே சாப்பிடுகிறது. அதற்குக் கிடைக்காதது குளிர். பீச், பிளம், ஆப்பிள் மாதிரி குளிர்ப் பிரதேச மரங்கள் அடுத்த பருவத்துக்கான பூமொட்டை முந்தின கோடையிலேயே இலைக் கணுக்களில் கட்டி வைத்துவிடும். பனிக்காலம் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும். அந்த உறக்கம் கலைய வேண்டுமானால் மொட்டு இத்தனை மணி நேரம் என்று குளிரில் கிடந்து தீர வேண்டும். பழைய கணக்குப்படி 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் மணி நேரங்களைத்தான் கூட்டுவார்கள். எல்பர்டா போன்ற பழைய ரகங்களுக்கு இது 800 மணிக்கு மேல் வேண்டும். குளிர் குறைந்த இடங்களுக்கென்றே ஃப்ளோரிடாவில் உருவாக்கிய ஃப்ளோர்டா பிரின்ஸ் ரகம் 150 மணி நேரத்தோடு திருப்திப்பட்டுவிடும். கேட்க சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். அதாவது 150 மணியில் ஒரு மணி நேரம்கூட நம் ஊரில் தேறாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது இன்னும் மோசம். 1974இல் அமெரிக்காவின் யூட்டாவில் பீச் மரத்தை வைத்தே போட்ட கணக்கு அது. அதன்படி 16 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு மணி நேரமும், ஏற்கனவே சேர்த்த குளிரிலிருந்து கொஞ்சம் கழித்துவிடும். நம்ம தை மாத ராத்திரியே 20, 21 டிகிரி. நாம் கூட்டலே ஆரம்பிக்கவில்லை, கழித்தல் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

பஞ்சாப் சமவெளிதானே, அங்கே எப்படி ஷான்-இ-பஞ்சாப் என்ற பீச் ரகம் காய்க்கிறது என்று கேட்பீர்கள், நிறைய பேர் கேட்கிறார்கள். லூதியானாவில் ஜனவரி ராத்திரியில் கைவிரல் விறைக்கும் சார். சமவெளி என்பதால் கோடையில்தான் நமக்கும் அவர்களுக்கும் ஒற்றுமை, பனிக்காலத்தில் கிடையாது. இதைச் சொல்லாமல் மறைத்துத்தான் இணையத்தில் "எல்லா ஊருக்கும் ஏற்ற பீச்" என்று கன்று விற்கிறார்கள். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இந்த ரகத்துக்கு எத்தனை மணி நேரம் குளிர் வேண்டும் என்று. பதில் வராது, இல்லையென்றால் "அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்" என்று வரும்.

ஐஸ் கட்டி விஷயம். தயவுசெய்து வேண்டாம். குளிரை உணர வேண்டியது வேர் இல்லை, மொட்டு. ஒவ்வொரு மொட்டும் தனக்கான குளிரைத் தானேதான் வாங்கிக்கொள்ள வேண்டும், வேர் வாங்கி மேலே அனுப்ப முடியாது. காசிமேட்டிலிருந்து ஐஸ் லாரியையே கொண்டுவந்து அடியில் கொட்டினாலும் மாடி உயரத்தில் இருக்கும் மொட்டுக்கு வெயில்தான் தெரியும். நடுவில் வேர்தான் விறைத்து, தண்ணீர் எடுக்க முடியாமல் இலை தொங்கும்.

உறக்கத்தை வேறு வழியில் ஏமாற்ற முடியாதா என்றால், முடியும், ஆனால் நமக்கு அது உதவாது. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் பாத்து மலைப்பகுதியில், ஆப்பிள் அறுவடை முடிந்த கையோடு இலையை எல்லாம் உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்து உறங்கப் போவதற்குள் தட்டி எழுப்பிவிடுகிற வேலை அது, வருஷத்துக்கு இரண்டு அறுவடைகூட எடுக்கிறார்கள். ஆனால் அது மலை, வருஷம் முழுக்க இதமான காற்று. கடல்மட்டத்தில், ஏப்ரலில் கொதிக்கிற தளத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில், அதையே செய்தால் அதிர்ஷ்டம் இருந்தால் நாலைந்து பூ எட்டிப் பார்க்கும், பிஞ்சு நிற்பது சந்தேகம். ஆசைக்கு ஒரு கிளையில் மட்டும் தை மாதம் இலையை உருவிப் பாருங்கள், தடுக்க மாட்டேன். திராட்சைத் தோட்டங்களில் மொட்டை எழுப்ப அடிக்கும் ஹைட்ரஜன் சயனமைடு மருந்தை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தோலில் பட்டால் புண்ணாக்கும், அதைக் கையாண்ட சமயத்தில் மது குடித்தால் உயிருக்கே ஆபத்து, நாலு பக்கமும் வீடு இருக்கிற இடத்தில் தெளிக்கிற பொருளே கிடையாது.

உரம் கேட்டீர்கள். ஒன்றும் வைக்காதீர்கள். யூரியா, சாணம், மீன் அமிலம் எது ஊற்றினாலும் பலன் முழுக்க அந்த உச்சிக் கிளைக்குத்தான் போகும், மற்ற இரண்டும் இன்னும் பின்தங்கும்.

சரி, அந்த மூன்று கிளை விஷயத்துக்கு வருவோம், ஏன்னா மரம் எங்கே இருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். பல ரகம் ஒட்டிய மரத்தில் எப்போதும் நடப்பதுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது. மூன்று ரகத்துக்கும் வேகம் ஒன்றாக இருக்காது. அதோடு, செங்குத்தாக மேலே நிற்கிற கிளை கீழே இருக்கிற கிளைகளை அடக்கி வைக்கும், அது மரத்தின் சுபாவம். கவனிக்காமல் விட்டால் மூன்று ரக மரம் நாலைந்து வருஷத்தில் ஒரு ரக மரமாகிவிடும். நர்சரியில் ஒட்டுவது பாதி வேலைதான், மீதி பாதி வாங்கினவர் கையில் இருக்கிறது என்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

கத்தரியை எடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். காலை வெளிச்சத்தில் மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு சின்னக் கிளைகளும் அடித்தண்டோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். லேசாகப் புடைத்து, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் என்று பட்டை மாறும் இடம் ஒன்று இருக்கும், அதுதான் ஒட்டு. அங்கே பட்டைக்குள் புதைந்து, வெளியே ஓரம் மட்டும் மினுமினுக்கிற மாதிரி பிளாஸ்டிக் நாடா தெரிகிறதா? மொட்டு ஒட்டு கட்டும்போது சுற்றிய நாடாவை ஒட்டு பிடித்த பிறகு அவிழ்க்க வேண்டும். பல நேரம் அவிழ்க்காமலே கன்று கைமாறிவிடும். தண்டு பெருக்கப் பெருக்க நாடா இறுகி, கிளையின் கழுத்தை நெரிக்கும். ஒட்டுக்கு மேலே தடித்து, கீழே ஒல்லியாக இடுப்பு மாதிரி சிறுத்திருந்தால், சில சமயம் பட்டையில் கோந்தும் கசிந்திருந்தால், அதுதான் காரணம். பிளேடு முனையால், ஒட்டு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மேலிருந்து கீழாக நாடாவை மட்டும் கீறிவிடுங்கள். உள்ளே புதைந்ததைப் பிய்த்து இழுக்காதீர்கள், பட்டை கூடவே வரும், அதுவாகக் கழன்று வரட்டும். அப்புறம் இரண்டு கிளையிலும் நுனிப்பக்கம் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் பச்சை வரும் இடம் வரை கீழே இறங்கி வெட்டுங்கள், ஆனால் ஒட்டுக்குக் கீழே மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஒட்டைத் தாண்டி வெட்டினால் அந்த ரகம் போனது போனதுதான், தளிர்த்தாலும் வேர்ச்செடிதான், அதாவது ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கும் செடிதான், தளிர்க்கும்.

உச்சிக் கிளையை ஒரேயடியாக மொட்டை அடித்தால் கோபத்தில் அதிலிருந்தே நாலு கிளை பாய்ந்து வரும். அதற்குப் பதிலாக ஒரு கயிற்றைக் கட்டி, கீழே ஆணி அடித்த கட்டையில் இழுத்து, கிளையைச் சாய்வாகப் படுக்க வையுங்கள். படுத்த கிளைக்கு வேகம் தானாகவே குறையும். தளிர் ஓடுகிற நேரத்தில் நுனியை அடிக்கடி கிள்ளிவிடுங்கள். சின்னக் கிளைகளை நீங்கள் கிள்ளவே வேண்டாம், முடிந்தால் குச்சி வைத்து நிமிர்த்திக் கட்டுங்கள். பெரியதைப் படுக்கவைத்து சின்னதை நிமிர்த்துவது, இவ்வளவுதான் சூட்சுமம்.

அடித்தண்டிலிருந்து வரும் குச்சி வேர்ச்செடியின் குச்சி. மலையில் பெரும்பாலும் காட்டு பீச் விதையை முளைக்கவைத்துத்தான் அதில் ஒட்டுவார்கள், அதனால் இலை அச்சு அசலாக பீச் இலை மாதிரியே இருக்கும், நாலாவது ரகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். இளசாக இருக்கும்போதே கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து திரும்ப இரண்டு வரும்.

இலை ஓரம் கருகுவது அநேகமாக உப்பு. போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வடசென்னையில் ஊற்றாமல் இருக்க வாய்ப்பு குறைவு. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அளவுக்கு உங்கள் பகுதியில் உப்பு ஏறவில்லை என்றாலும், பீச் உப்பைத் தாங்கவே தாங்காத மரம், வேப்பமரம் கண்டுகொள்ளாத தண்ணீரில் இது கருகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டு மெட்ரோ வாட்டரோ, சம்ப்பில் பிடித்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை நேர் எதிராகத் திரும்பும். உங்கள் ஏரியாவில் தண்ணீர் நிற்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, பீச் வேர் தண்ணீரில் ரெண்டு மூணு நாள் ஊறினாலே அழுக ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் செய்தாலும் மரம் பச்சையாக நிற்கும், அவ்வளவுதான். நிழலுக்குப் போதும் என்றால் விட்டுவிடுங்கள். பழம் வேண்டும் என்றால் என் யோசனை, அதை மறுபடியும் குன்னூருக்கே அனுப்பிவிடுங்கள். சம்பந்தி வீட்டுத் தோட்டத்தில் நாலடி இடம் இல்லாமல் போகாது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி அளவுக்குக் குளிராது, அங்கே விற்கிற ரகங்கள் குறைந்த குளிரில் காய்ப்பவையாகத்தான் இருக்கும், அந்த ஊருக்கு அதுவே சரி. மழை விட்டபின் டிசம்பர் கடைசியில் இலையை எல்லாம் உருவிவிட்டு, உச்சிக் கிளையை மூன்றில் ஒரு பங்குக்கு வெட்டி, தண்டைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி மண்ணோடு தோண்டி எடுத்து, ஈரச் சாக்கில் இறுக்கிக் கட்டுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கெடுபிடி இருப்பதால் பாலிதீன் வேண்டாம், சாக்கே போதும். போய்ச் சேர்ந்த அன்றைக்கே நட்டுவிடச் சொல்லுங்கள். மூன்று ஒட்டும் மண்ணுக்கு மேலே இருக்கட்டும், இருப்பதில் நோஞ்சான் கிளை தெற்கு பார்த்து, வெயில் அதிகம் படும் பக்கம் வரட்டும். ஒவ்வொரு கிளைக்கும் ரகத்தின் பெயர் எழுதிய தகரத் துண்டு ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள், இல்லையென்றால் கவாத்து பண்ண வருகிறவர் ஒரு ரகத்தையே கழித்துவிட்டுப் போய்விடுவார். பீச் போன வருஷம் வளர்ந்த குச்சியில்தான் காய்க்கும், அதனால் வருஷா வருஷம் கவாத்து தேவை, மூன்று ரகத்திலும் புதுக் குச்சி மிச்சம் இருக்கும்படி பார்த்து வெட்ட வேண்டும். காய் பட்டாணி அளவு தாண்டியதும் அரை அடிக்கு ஒன்று விட்டுவிட்டு மற்றதை உதிர்த்துவிடச் சொல்லுங்கள், மனசு வராது, ஆனால் செய்யாவிட்டால் எல்லாமே கொட்டையும் தோலுமாக இருக்கும். சந்தேகம் வந்தால் சம்பந்தியை சிம்ஸ் பார்க் பக்கம் இருக்கும் பழவியல் நிலையத்தில் போய்க் கேட்கச் சொல்லுங்கள், பீச்சோடு பழகினவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் பத்துக்கு இருபது காலியாகிறது. உங்களுக்கு உண்மையில் பிடித்தது பீச் என்பதைவிட, ஒரே மரத்தில் பல பழம் என்கிற அதிசயம்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதற்கு நம் ஊர் மரமே இருக்கிறது. லக்னோ பக்கம் மலிஹாபாதில் ஹாஜி கலீமுல்லா கான் என்ற பெரியவர் ஒரே மாமரத்தில் 300 ரகங்களுக்கு மேல் ஒட்டி, 2008இல் பத்மஸ்ரீ வாங்கினார். நீங்கள் நாலு ரகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு ஒரே ஒரு விதி, உறவுக்குள்தான் ஒட்டும். பீச்சோடு பிளம், நெக்டரின், ஆப்ரிகாட் எல்லாம் சேரும். மாவோடு மாதான். மாமரத்தில் பலா ஒட்டியதாக வருகிற வீடியோக்களை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இடம் சின்னது என்பதால் நீலம் கன்று ஒன்றை அடிமரமாக வையுங்கள், அடக்கமாக வளரும், தவறாமல் காய்க்கும். மண்ணை ஒன்றரை அடி மேடாக்கி நடுங்கள், மழைத் தண்ணீர் நிற்காது. மரம் தண்டு கட்டியதும் மூன்று நாலு பக்கக் கிளைகளை விட்டுவிட்டு மற்றதைக் கழியுங்கள், அந்தக் கிளைகளில் ஆடி முதல் புரட்டாசிக்குள், காற்றில் ஈரம் இருக்கும் நாட்களில், இளந்தண்டு ஒட்டு கட்டலாம். பங்கனபள்ளி, செந்தூரா, ஆம்ரபாலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ரபாலி தஷேரிக்கும் நீலத்துக்கும் பிறந்த குட்டை ரகம், சின்ன இடத்துக்கு ரொம்பப் பொருத்தம். இமாம் பசந்த் மேல் எல்லோருக்கும் ஆசை, எனக்கும்தான், ஆனால் காய்ப்பு கஞ்சத்தனம், அதை ஒரு கிளைக்கு மேல் தராதீர்கள்.

ஒட்டுக்குச்சி எடுக்கும் தாய்மரத்தில், பென்சில் தடிமனுள்ள நுனிக் குச்சிகளைப் பார்த்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிட வேண்டும். அந்தக் காம்புகள் தொட்டாலே உதிர்ந்து, நுனி மொட்டு உப்பி நிற்கும்போது அரை அடி நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே ஒட்டுங்கள். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, உங்கள் மரத்து இளங்கிளையை நுனியில் வெட்டி நடுவில் பிளந்து செருக வேண்டும். இரண்டும் ஒரே தடிமனாக இல்லை என்றால் ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சேரும்படி தள்ளி வையுங்கள். நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் கவரைக் கவிழ்த்து அடியில் கட்டிவிட்டால் ஈரம் காயாது. இரண்டு மூன்று வாரத்தில் தளிர் கவரை முட்டும், அப்போது ஒரு சாயங்காலம் பார்த்துக் கவரை எடுங்கள், வெயிலில் எடுத்தால் தளிர் சுருண்டுவிடும். நாடாவை மட்டும் ஒட்டு நன்றாகப் பிடித்தபின், இரண்டு மூன்று மாதம் கழித்து, மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

நல்ல ஒட்டு மாங்கன்று வேண்டுமென்றால் மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பண்ணையில் விசாரியுங்கள், உங்களுக்கு ரெட்டேரி தாண்டினால் வந்துவிடும். அங்கேயே ஒட்டுக்கட்டத் தெரிந்த ஆள் யாராவது இருப்பார், முதல் கிளையை அவர் கையால் கட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள், இரண்டாவதை நீங்களே கட்டிவிடுவீர்கள். போகும் முன் அந்த டி.டி.எஸ். அளவை மட்டும் எழுதி அனுப்புங்கள் சார், மாவும் உப்புக்கு அப்படியொன்றும் கெட்டியில்லை, தண்ணீரைத் தெரிந்துகொண்டு குழி தோண்டலாம்.